வெட்டச் சொன்ன முந்தானை

சில வாரங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முந்தானை நெய்த கதையை எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? நிறையப் பேர் நல்ல வார்த்தை எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஒருவர் மட்டும் எழுதவில்லை... நேராக போன் செய்துவிட்டார்.

“நீங்க எழுதினத வாசிச்சேன் அக்கா. நல்லா இருந்துது ஆக்கும். ஒரு காரியம் கேக்கணும்... அந்த முந்தானைய மட்டும் வெட்டி எடுத்திரலாமா?”

நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். முந்தானை நான் நெய்தது. சேலை ஒரு கல்யாணப் பெண்ணுடையது. போன் செய்தவர் மாப்பிள்ளையின் அக்கா. நான் கணவரை இழந்தவள். இப்போது புரிகிறதா, கத்தரிக்கோல் எதற்கு என்று?

முதலிலிருந்தே சொல்கிறேன். கோபத்தில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

தனுவச்சபுரம் போகிற வழியில் ஒரு கைவினைப் பள்ளி இருக்கிறது. மழை தொடங்கும்போது ஆரம்பித்து ஆவணி வரை நூல், நெசவு என்று ஒரு சீசன் வகுப்பு நடத்தினார்கள். கயிறு திரிப்பது, முடிச்சுப் போட்டுத் தொங்கல் செய்வது, நூலுக்குச் சாயம் ஏற்றுவது, கடைசியில் தறி. அமரவிளையிலிருந்து பஸ் பிடித்து நானும் போய்ச் சேர்ந்தேன்.

பெங்களூரிலிருந்து மகன் கேட்டான்: “அம்மா, இந்த வயசுல எதுக்கு?” பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: “பாலராமபுரம் இஞ்ச பக்கத்துலதானே? ஒரு சேலை வாங்கினா போராதா?”

ஓட்டல் பக்கத்தில்தானே இருக்கிறது, எதற்குச் சமைக்கிறாய் என்று என்னை இத்தனை வருடத்தில் ஒருத்தராவது கேட்டதுண்டா? சமைக்கும்போது வராத சந்தேகம் நெய்யும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? எனக்கு உபயோகமான வேலை என்றால் ஊருக்குச் சந்தேகம். ஊருக்கு உபயோகமான வேலை என்றால் வயசு ஒரு பிரச்சினையே இல்லை!

போனேன். கடைசி வரை தாக்குப்பிடித்தது நாங்கள் நாலு பேர்.

சுகுமாரன் அண்ணன் மின்சார லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க வீட்டில் இருந்து தொல்லை கொடுக்கிறார் என்று மனைவியே கட்டணம் கட்டி அனுப்பி வைத்தாராம். ஷைலா, அமரவிளையில் பேன்ஸி கடை வைத்திருக்கிறாள். அப்புறம் அஜிதா. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. முப்பத்தேழு வயது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

சொல்லிக்கொடுத்தவர் மீரா மேடம். வடக்கே எங்கோ இருந்து வந்தவர், தமிழ் புரியும், பேச்செல்லாம் மலையாளம். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையா? இந்த எல்லைப் பக்கத்தில் கறிக்கடையில் ஒரு பாஷை, ஆஸ்பத்திரியில் ஒரு பாஷை. சண்டைக்கு இரண்டும்.

சாயம் ஏற்றும் வகுப்பில் ஒரு கூத்து. பதிமுகக் கட்டையைப் போட்டு அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. எங்கள் வீடுகளில் தினமும் குடிக்கிற ரோஸ் நிறத் தண்ணீருக்குப் போடும் அதே கட்டைதான். மேடம் நூலை நனைக்கப் போயிருந்தார். அண்டா ஆறியிருந்தது. ஷைலாவுக்குத் தாகம். ஒரு கிளாஸ் மொண்டு குடித்துவிட்டாள்! நிறம் நூலில் ஒட்டுவதற்காக அதில் படிகாரம் போட்டிருந்தது யாருக்குத் தெரியும்? மேடம் ஓடி வந்து, “அய்யோ! அது குடிக்கான் உள்ளதல்ல!” என்று கத்துகிறார். ஷைலாவின் வாய் சுருங்கி, சாயங்காலம் வரை பேச்சு வரவில்லை. வகுப்பு அன்றைக்கு நிம்மதியாக நடந்தது.

பிறகு தறி.

பள்ளியில் பெரிய தறி ஒன்றுதான். அதனால் மேடம் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நீளப் பாவாக ஏற்றிவிட்டார். பாவு என்றால் நீளவாக்கில் ஓடுகிற நூல். இரண்டு ஓரத்திலும் சிவப்புக் கரை. ஒருவர் ஒரு மேல்துண்டு அளவுக்கு நெய்ததும், கொஞ்சம் இடம் விட்டு அடுத்தவர் தொடங்க வேண்டும். கடைசியில் இடம் விட்ட இடத்தில் கத்தரித்தால் ஆளுக்கொரு துண்டு. சீசன் முடியும்போது கண்காட்சி, கையில் சர்டிபிகேட்.

அஜிதா பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அக்கா... இடம் விடாம நெய்தா?”

“நெய்தா?”

“நாலு பேருக்க பாகமும் சேந்தா ஒரு சேலை.”

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டியதும் மாப்பிள்ளை ஒரு தட்டில் புடவை வைத்துப் பெண்ணின் கையில் கொடுப்பார். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவளை உள்ளே கூட்டிப்போய் அதை உடுத்தி அழைத்து வருவார்கள். உள்ளே போகும்போது அவள் பிறந்த வீட்டுப் பெண். வெளியே வரும்போது அவர்கள் வீட்டுப் பெண். நடுவில் இருப்பது அந்தப் புடவைதான். அதை எடுக்கிற உரிமை முழுக்க மாப்பிள்ளை வீட்டுக்கு. உடுத்தப்போகிறவளிடம் நிறம் கேட்டாலே பெரிய மனசு என்று பேசிக்கொள்வார்கள்.

அஜிதாவை எத்தனை பேர் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அவளே எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். ஒருவருக்கு உயரம் போதவில்லை. ஒருவருக்கு அவள் ரத்தம் எடுக்கிற வேலை பிடிக்கவில்லை. கடைசியில் அனில் வந்தார். தனியார் பஸ் டிரைவர், நாற்பது வயது, நல்ல மனிதர். அன்றிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அவள் காதில் ஒரே பாட்டு. இந்த வயசுல கிடைச்சதே பெரிசு, வாயை மூடிக்கிட்டு இரு.

“மண்டபம் அவிய முடிவு. சாப்பாடு அவிய முடிவு. எனக்க வீட்டுல எல்லாத்துக்கும் தலையாட்டியாச்சு” என்றாள். “எனக்க உடம்புல கெடக்குத துணியாவது எனக்க கையால நெய்ததா இருக்கட்டும் அக்கா. அனிலுட்ட கேட்டேன். கொண்டு தா, தட்டுல வெச்சு நான் தாறேன்னு சொல்லியாச்சு.”

யாருக்காவது மறுக்கத் தோன்றுமா? நாங்கள் மூன்று பேரும் எங்கள் பாகத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டோம்.

நாலு கை, நாலு விதம். அஜிதாவின் பாகம் ஒரே சீராக வந்தது. ஊசி பிடிக்கிற கை அல்லவா? சுகுமாரன் அண்ணன் தறிப் பலகையை இழுத்து அடிக்கிற அடியில் துணி தார்ப்பாய் ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் ஒழுகாது. ஷைலாவின் பாகத்தில் அவளுக்கு எங்கெங்கே போன் வந்தது என்று விரல் வைத்துச் சொல்லலாம், அங்கெல்லாம் தளர்ச்சி. நான்தான் வகுப்பிலேயே மெது. இடது மிதியை மிதிக்கச் சொன்னால் வலதை மிதிப்பேன். நூல் அறும். “சேச்சீ... பதுக்கெ, பதுக்கெ” என்று மேடம் என்னை மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டியது.

அதனால் என் முறை கடைசியாக வந்தது. கடைசி என்றால்? முந்தானை!

நெசவு கைக்கு வராதவள் கையில் முந்தானை. என்ன செய்வது? பதிமுகச் சாயம் ஏற்றிய சிவப்பு நூலை எடுத்துப் பட்டை பட்டையாகப் போட்டேன். பட்டைகள் நேராக இல்லை. கொஞ்சம் நெளிந்து, கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருந்தன. ஆனால் அந்தச் சிவப்பு... எட்டு வருடத்துக்கு அப்புறம் நான் ஆசைப்பட்டுக் கையில் எடுத்த சிவப்பு அது.

பள்ளியை நடத்துகிறவர் வந்து பார்த்தார். முகம் சரியில்லை. ஆளுக்கொரு துண்டு தனித்தனியாக வெட்டி வைத்தால்தான் சர்டிபிகேட் என்றார்.

“பெருமழையில கம்பத்துல ஏறினதுக்கே எனக்கு ஒருத்தனும் சர்டிபிகேட் தரேல்ல” என்றார் சுகுமாரன் அண்ணன். “இது இல்லேன்னா ஒண்ணும் வராது. வெட்ட விடமாட்டோம் சாரே.”

விடவில்லை. சேலை முழுசாகக் கண்காட்சிச் சுவரில் தொங்கியது. எங்கள் யாருக்கும் சர்டிபிகேட் கிடையாது. அந்தப் பெருமையில்தான் நான் இந்தப் பத்தியில் எழுதினேன். “எழுதுங்கோ அக்கா, நாலு பேரு வாசிக்கட்டும்” என்று சொன்னதும் அஜிதாதான். கணவர் போன பிறகு முதல்முறையாகச் சிவப்பு நூல் எடுத்தேன் என்று அதில் ஒரு வரி. அழகான வரி என்று நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு பேர் வாசித்தார்கள். அதில் ஒருவர் கீதா, மாப்பிள்ளையின் அக்கா.

இனி அந்த போனுக்கு வருகிறேன்.

“வெட்டுகதா? எதுக்காக்கும்?” என்று கேட்டேன்.

“தப்பா எடுக்காதீங்க அக்கா. எனக்கு இதுல ஒண்ணும் விசுவாசம் இல்ல. நானும் படிச்சவதான். ஆனா புடவையாக்கும்... தட்டுல வெச்சுக் குடுக்குத சாதனம். நாட்டுக்காரங்க சும்மா இருப்பாவளா?”

“முந்தானை இல்லாத சேலைய என்னது செய்யது?”

“வேற துணி வெச்சுத் தைச்சிரலாம்லா. எனக்குத் தெரிஞ்ச ஒரு டெய்லர் உண்டு. வெளிய தெரியாது.”

எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்! ஒரு வார்த்தை மரியாதைக் குறைவு கிடையாது. மரியாதை இல்லாமல் பேசியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன், எனக்கும் வாய் இருக்கிறது. இப்படி அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக் கழுத்தறுக்கிறவர்களிடம் என்ன பேசுவது? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வைத்தபிறகுதான் வார்த்தைகள் வந்தன. சமையலறைச் சுவர் அத்தனையும் கேட்டது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த நம்பிக்கை உள்ள ஆளை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததே இல்லை. என் கணவர் போன அடுத்த வருடம் சொந்தத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு. வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் இல்ல கேட்டியளா... பால் பொங்கச்சில மட்டும் கொறச்சு அங்கோட்டு மாறி நில்லுங்கோ. மாமியாருக்காகவாக்கும்” என்றாள். வராந்தாவுக்குப் போனேன். அங்கே அந்த மாமியாரே உட்கார்ந்திருந்தார். “எனக்கு இதொண்ணும் கணக்கில்ல மக்கா, வந்த ஆளுக பேசுவாவ” என்றார். வந்த ஆட்களில் ஒருத்தியைக் கேட்டேன். சே சே, நாங்களா, என்றாள்.

வீடு நிறைய ஆள். நம்பிக்கை உள்ளவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பால் பொங்கியபோது நான் வெளியில்தான் நின்றேன்.

அதைத்தான் இத்தனை வருடமாக என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நம்புகிறவனோடு சண்டை போடலாம். நம்பாதவர்கள் ஒன்றுகூடி, இங்கே இல்லாத ஒருவனுக்காக என்னை வெளியே நிறுத்தினால் யாரோடு சண்டை போடுவது?

ஆனால்... இந்த இடத்தில் நான் பெரிய வீராங்கனை மாதிரி எழுதிவிடலாம். உண்மை அது இல்லை. மறுநாள் பள்ளிக்குப் போய் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வெட்டிரு மக்கா” என்றேன்.

சேலையைச் சுவரிலிருந்து எடுத்து மேசைமேல் மடித்து வைத்திருந்தார்கள். அஜிதா, ஷைலா, சுகுமாரன் அண்ணன் மூன்று பேரும் இருந்தார்கள். போன் வந்த விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஷைலா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. நான் மட்டும், ஒரு முந்தானைக்காக ஒரு கல்யாணம் முடங்கக்கூடாது என்றேன். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். கத்தரிக்கோலையும் எடுத்து வைத்தேன்.

அஜிதா அதை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

“உங்களுக்க கை பட்டா எனக்கு என்ன வரும் அக்கா? அவிய சொல்லுகது இருக்கட்டும். நீங்க சொல்லுங்கோ.”

நான் மூடிய டிராயரைப் பார்த்தேன்.

“நீங்களும் அத நம்புதியளா?”

“இல்ல மக்கா. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா கீதா...”

சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினேன். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் கீதாவுக்காக. அந்த வராந்தாப் பேச்சு என் வாயிலிருந்தே வருகிறது! வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அனில் பைக்கில் வந்தார். அக்கா வீட்டிலிருந்து வருகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தாய் இல்லாத பிள்ளை, கீதாதான் வளர்த்தவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று, “அக்கா ராத்திரி முச்சூடும் அழுகை ஆக்கும்” என்றார்.

சுகுமாரன் அண்ணன் விடவில்லை. “எலே அனிலு, நீ பஸ் ஓட்டுதவன்லா? பின்னால ஆரன் அடிக்குத எல்லாவனுக்கும் வண்டிய ஒதுக்கிக் குடுப்பியா?”

“அண்ணா, அவ எனக்கு அம்மையாக்கும். அவள அழ வெச்சுட்டு நான் தாலி கெட்டவா?”

அவரைத் திட்டவும் முடியவில்லை. ஒரு பக்கம் வளர்த்தவள், மறுபக்கம் வரப்போகிறவள். அஜிதா சேலையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

“செரி. தட்டுல கடைப்பட்டே எடுத்து வெச்சுத் தா. நான் கை நீட்டி வாங்குதேன். அக்காளுக்கு சந்தோஷம் ஆகட்டும்.”

அனில் நிம்மதியாக மூச்சு விட்டார். எனக்கு வலித்தது. வெட்டு என்று சொன்னவளே நான்தான், அப்புறம் என்ன வலி என்று கேட்பீர்கள். வலித்தது, அவ்வளவுதான். நம்மை விட்டுக்கொடுக்கச் சொல்லி நாமே சொல்வோம். யாராவது அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டால் தாங்காது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். கீதாவுக்கு போன் போட்டு, தட்டில் பட்டே வையுங்கள், பிரச்சினை முடிந்தது என்றேன். “நீங்க நல்லவங்க அக்கா” என்றார். அதைக் கேட்டு இன்னும் எரிந்தது.

போன ஞாயிறு கல்யாணம். செங்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் ஓர் ஆடிட்டோரியம்.

மண்டபத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கால் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. பழகிவிட்டது. யாரும் துரத்த வேண்டாம், நாமே போய் உட்கார்ந்துகொள்வோம். பக்கத்தில் சுகுமாரன் அண்ணனும் அவர் மனைவியும். அண்ணன் என்னவோ ரொம்ப உற்சாகமாக இருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நாதஸ்வரம், குரவை, தாலி. அனில் தட்டில் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தார். மயில்கழுத்து நிறம், கனமான ஜரிகை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அஜிதா சொன்னபடி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கீதா அவள் தோளை அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம். வளர்த்தவள் அல்லவா?

கொஞ்ச நேரத்தில் ஷைலா மேடைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

“அக்கா, எழும்புங்கோ. பொண்ணு உங்கள விளிக்கா.”

“என்னையா? எதுக்கு?”

“வாருங்கோன்னா வாருங்கோ!”

பெண் உடை மாற்றுகிற அறை. நான் போகிற அறையா அது? வாசலில் ஒரு கணம் கால் நின்றது. ஷைலா முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள்.

உள்ளே அஜிதா எங்கள் சேலையில் நின்றுகொண்டிருந்தாள்!

இடுப்பில் சுகுமாரன் அண்ணனின் தார்ப்பாய், கொசுவத்தில் ஷைலாவின் போன்கள். முந்தானை மட்டும் இன்னும் தோளுக்கு ஏறவில்லை. கையில் பிடித்திருந்தாள். ஷைலா கைப்பையில் சேலையைக் கொண்டுவந்திருக்கிறாள், அண்ணனுக்கும் தெரியும், எல்லாம் முன்னாலேயே பேசி வைத்ததுதான். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் எழுதிவிடுவேனாம்!

மூலையில் கீதா. ஒரு கையில் பட்டுப்புடவை, இன்னொரு கையில் ஊக்கு டப்பா. உடுத்தி விட வந்தவர், எதை உடுத்துவது என்று தெரியாமல் நின்றார்.

“பட்ட வாங்கியாச்சு மைனி” என்றாள் அஜிதா. “தட்டுல தந்தத நாலு பேரு முன்னால வாங்கியாச்சு. மறுவீட்டுக்கு வரச்சில உடுத்திட்டு வாறேன், சத்தியம். இன்னிக்கு இதாக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, இது உங்களுக்க பாகம். நீங்கதான் குத்தித் தரணும்.”

முந்தானையை வாங்கி மடிப்பு எடுத்தேன். நெளிந்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஊக்குக்காகக் கீதாவிடம் கையை நீட்டினேன்.

அவர் தரவில்லை.

தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபமே இல்லை, பயம். தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். நம்பிக்கை இல்லை, இல்லை என்று சொன்ன அந்த அம்மாவுக்குள் அவ்வளவு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள்ளும் ஒருவேளை... என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது. பொய் சொல்ல மாட்டேன். எத்தனை வருடம் ஊறியது!

போதும் என்று தோன்றியது. எத்தனை வராந்தா, எத்தனை பால்காய்ச்சு, எத்தனை ‘எனக்கு ஒண்ணும் இல்ல’. எட்டு வருடக் கோபமும் மொத்தமாக ஏறி வந்தது. நான் என்ன செய்துவிட்டேன்? ஒரு மனிதனோடு நன்றாக வாழ்ந்தேன், அவர் போய்விட்டார். அதற்கு இந்தப் பெண்ணின் தோள் என்ன பாவம் செய்தது? என் கை என்ன பாவம் செய்தது?

என் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றினேன். அவள் தோளில் குத்தினேன்.

அழுத்திக் குத்திவிட்டேன் போல, “ஸ்ஸ்” என்றாள். சிரித்தாள். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் முந்தானை சரிந்து கீழே விழுந்தது. அதை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டேன். கீதா மெதுவாக டப்பாவைக் கீழே வைத்தார். குனிந்து, அஜிதாவின் காலடியில் கொசுவத்தை இழுத்து நேராக்கினார். மனசு இறங்கியா, நேரமாகிறது என்றா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

“வெளிய நாட்டுக்காரங்க எல்லாம் இருக்காவ...” என்று மட்டும் முனகினார்.

“இருக்கட்டும் மைனி” என்றாள் அஜிதா. என் கையை விடவில்லை. “அக்கா, பின்னால போவப்பிடாது. எனக்க கூட வாருங்கோ.”

கதவு திறந்தது. ஒரு கையில் கல்யாணப் பெண், இன்னொரு கையில் சரிகிற முந்தானை. தலையை நிமிர்த்திக்கொண்டு, வருவது வரட்டும் என்று மேடையில் ஏறினேன்.

அனில் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் பட்டுப்புடவையை ஏந்திக்கொண்டு வந்த அக்காவைப் பார்த்தார். பிறகு நகர்ந்து அஜிதாவின் பக்கத்தில் வந்து நின்றார். “மடிப்பு தட்டாம பாத்து வா” என்றார், அவ்வளவுதான். போட்டோகிராபர் லைட்டைத் திருப்பினார்.

நான் மண்டபத்தைப் பார்த்தேன்.

வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. சுகுமாரன் அண்ணனும் அவர் மனைவியும் மட்டும் கடைசி வரிசையில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி ஒரு ஆள் இல்லை. நாங்கள் உள்ளே போனதுமே முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்களாம்.

யார் பேசுவார்கள் என்று பயந்து என் முந்தானையை வெட்டச் சொன்னார்களோ, அந்த நாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அடுத்த ஹாலில் பருப்புக்கு நெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.